ரஸ்ட் கற்கப் போகிறீர்களா? நிறுவலில் தொடங்கி போர்டு வரை ஒரு வரிசை

பைத்தானில் எழுதுவது போல நாலு வரியில் ஒரு பட்டியலை வடிகட்ட வேண்டும். அதே மொழியில் ஒரு சில்லின் ரெஜிஸ்டரில் நேரடியாக ஒரு பிட்டை மாற்றவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மொழி போதும் என்று கேள்விப்பட்டு ரஸ்ட் பக்கம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழி இரண்டையும் தருகிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வருபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே பாயின்டர், லைஃப்டைம், மைக்ரோகன்ட்ரோலர் என்று எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறுகிறார்கள். பட்டியல், ஸ்ட்ரிங் என்று பைத்தான் போல எழுதும் மேல்நிலைப் பாதியை முதலில் முடியுங்கள். ரெஜிஸ்டர், முகவரி என்று வன்பொருளைத் தொடும் கீழ்நிலைப் பாதி எங்கும் ஓடிவிடாது. கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் அமைந்தது.

ஏதாவது ஒரு மொழியில் லூப், ஃபங்ஷன் எழுதிய பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

1. உங்களுக்கு ரஸ்ட்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இணையச் சேவை ஒன்றைச் சீக்கிரம் எழுதி ஓடவிட வேண்டும், மெமரியைப் பற்றிக் கவலை இல்லை என்றால் கோ மொழி போதும். அதில் குப்பை சேகரிப்பான் மெமரியைப் பார்த்துக்கொள்ளும்; ஒரு வாரத்தில் வேலைக்கு ஆகும் அளவு கற்றுவிடலாம். கல்லூரிப் பாடத்துக்கும் நேர்காணலுக்கும்தான் என்றால் சி அல்லது சி பிளஸ் பிளஸ் படியுங்கள். கேள்வி கேட்பவர் அதில்தான் கேட்பார். ஸிக் எனக்குப் பிடித்த மொழி, சின்னது, தெளிவானது. ஆனால் இதை எழுதும்போது அது 1.0 பதிப்பை எட்டவில்லை. பதிப்பு மாறும்போது பழைய நிரல் உடையும், புதியவருக்கு அது தலைவலி. டி மொழியும் நிம்மும் நன்றாகவே இருக்கின்றன, மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் குறைவு.

குப்பை சேகரிப்பான் இல்லாமல் சி அளவு வேகம் வேண்டும், ஆனால் விடுவித்த மெமரியைத் தொட்டு நள்ளிரவில் நிரல் சாகக்கூடாது என்பவர்களுக்கு ரஸ்ட். வேலைச் சந்தை பற்றி ஒரு வார்த்தை: புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு ரஸ்ட் வேலை என்று தனியாக விளம்பரம் வருவது குறைவு. வருபவை பெரும்பாலும் அனுபவம் கேட்கும். அதை நம்பி மட்டும் இறங்காதீர்கள்.

2. கணினி, இடம், செலவு

கம்பைலருக்கும் கருவிகளுக்கும் ஒரு பைசா கிடையாது. எம்ஐடி, அப்பாச்சி 2.0 என்று இரட்டை உரிமம். நீங்கள் எழுதும் நிரலை விற்கவும் தடை இல்லை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது: வட்டு இடத்திலும் டேட்டாவிலும்.

8 ஜிபி ராம் இருந்தால் கற்றுக்கொள்ள வசதி. 4 ஜிபியிலும் ஓடும், ஆனால் எடிட்டரில் உதவும் ரஸ்ட் அனலைசர் தனியாகவே நிறைய ராமைப் பிடித்துக்கொள்ளும். அதோடு பிரவுசரில் பத்து டேப் திறந்திருந்தால் மவுஸ் நகராது. ராமைவிட எஸ்எஸ்டி முக்கியம். கம்பைலர் ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகளை எழுதும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது பொறுமையைச் சோதிக்கும்.

இடம்: கம்பைலரும் ஆவணங்களும் சேர்ந்து ஒரு ஜிபிக்கு மேல் போகும். விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் சி பிளஸ் பிளஸ் பில்ட் கருவிகள் வேறு வேண்டும். அது பல ஜிபி. மொபைல் டேட்டாவில் இறக்கத் தொடங்கி பாதியில் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துபோவது சாதாரணமாக நடக்கும். வைஃபை உள்ள இடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். தனிநபர் கற்றலுக்கு விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பு இலவசம். அலுவலகக் கணினி என்றால் உரிமம் பற்றி உங்கள் ஐடி பிரிவைக் கேட்டுக்கொண்டு நிறுவுங்கள்.

சி டிரைவில் இடம் குறைவு என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கார்கோ ஹோம், ரஸ்ட்அப் ஹோம் என்ற இரண்டு என்விரான்மென்ட் மாறிகளில் டி டிரைவின் பாதையைக் கொடுத்துவிட்டு அப்புறம் நிறுவினால் எல்லாம் அங்கே போய் உட்காரும். நிறுவிய பிறகு மாற்றுவது வீண் வேலை, முன்பே செய்யுங்கள்.

3. நிறுவல்

ரஸ்ட்அப் என்ற நிறுவியை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். லினக்ஸில் ஏபிடி (லினக்ஸோடு வரும் தொகுப்பு நிறுவி) மூலம் நிறுவ வேண்டாம். டெபியன் 12-இல் அப்படி நிறுவினால் கிடைப்பது 1.63, அது 2022-இல் வந்தது. இன்றைய திட்டங்கள் பல 2024 எடிஷனில் (மொழி விதிகளின் ஒரு தொகுப்பு) எழுதப்படுகின்றன. அதற்குக் குறைந்தது 1.85 வேண்டும். பழைய கம்பைலர் அந்தத் திட்டத்தைத் திறக்கவே மறுக்கும், நீங்களோ உங்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆறு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ரஸ்ட்அப் அப்டேட் என்று ஒரு கட்டளை அடித்தால் வந்துவிடும்.

நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு இயல்பாக உள்ளதையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்டேபிள் என்ற நிலையான பதிப்பு போதும். நைட்லி என்ற சோதனைப் பதிப்பை எடுக்கச் சொல்லும் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். நைட்லி தேவைப்படும் இடம் பின்னால் ஒன்றுதான் வருகிறது.

பெரும்பாலோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் லிங்கர். ரஸ்ட் கம்பைலர் உங்கள் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஓடக்கூடிய கோப்பாக்க உங்கள் கணினியில் உள்ள லிங்கரைத்தான் கூப்பிடும். அது இல்லை என்றால் நிறுவல் வெற்றி என்று சொல்லிவிட்டு, முதல் நிரலிலேயே லிங்கர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ நிறுவியைத் திறந்து டெஸ்க்டாப் சி பிளஸ் பிளஸ் என்ற பகுதியைத் தேர்ந்தெடுங்கள், அதில் விண்டோஸ் எஸ்டிகேயும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோட் வேறு, இது வேறு; கோட் இருப்பதால் லிங்கர் இருக்கிறது என்று பொருள் இல்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் பில்ட் எசென்ஷியல் என்ற தொகுப்பு. மேக்கில் எக்ஸ்கோட் கட்டளைக் கருவிகள் போதும், முழு எக்ஸ்கோட் வேண்டாம்.

நிறுவிய பிறகு டெர்மினலை மூடித் திறங்கள். பழைய ஜன்னலுக்குப் புதிய பாதை தெரியாது. கார்கோ என்ற கட்டளை இல்லை என்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வைத்து வேலை செய்பவர்கள் திட்டத்தை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவில் வைத்து லினக்ஸ் பக்கமிருந்து கம்பைல் செய்தால் ஆமை வேகம்.

எடிட்டரில் ரஸ்ட் அனலைசர் என்ற நீட்சியை மட்டும் போடுங்கள். வெறும் ரஸ்ட் என்ற பெயரில் இருந்த பழைய நீட்சி கைவிடப்பட்டது.

4. கார்கோவோடு பழகுங்கள்

கார்கோ என்பது ரஸ்டோடு வரும் திட்ட நிர்வாகக் கருவி. கம்பைலரை நேரடியாகக் கூப்பிடத் தேவையே வராது. கார்கோ நியூ என்று அடித்து ஒரு பெயர் கொடுத்தால் ஃபோல்டர், அமைப்புக் கோப்பு, ஹலோ வேர்ல்டு எல்லாம் தயாராகிவிடும். கார்கோ ரன் ஓட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது ரன் அடிக்காமல் கார்கோ செக் அடியுங்கள். அது பிழையை மட்டும் பார்க்கும், இயந்திரக் கட்டளை உருவாக்காது என்பதால் சீக்கிரம் முடியும். கார்கோ கிளிப்பி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இதை இப்படி எழுதலாமே என்று சொல்லும். புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தினமும் ஒரு முறையாவது ஓட்டுங்கள்.

டார்கெட் என்ற ஃபோல்டர் வளர்ந்துகொண்டே போகும். சின்னத் திட்டமே வெளி நூலகங்கள் சேர்ந்ததும் ஒரு ஜிபியைத் தொட்டுவிடும். பத்துப் பயிற்சித் திட்டம் வைத்திருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த திட்டத்தில் கார்கோ கிளீன் அடித்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும், நீங்கள் எழுதியதற்கு ஒன்றும் ஆகாது. நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் அந்த ஃபோல்டரை ஏற்றிவிடாதீர்கள். கார்கோ நியூ அதற்கான கிட் இக்னோர் கோப்பைத் தானே எழுதிவைக்கும், அதை அழிக்காமல் இருந்தால் சரி.

5. எதைப் படிப்பது, எந்த வரிசையில்

ரஸ்டின் அதிகாரப்பூர்வப் பாடநூல் இலவசம், உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ரஸ்ட்அப் டாக் என்று அடித்து, இரட்டைக் கோடு போட்டு புக் என்று சேர்த்தால் இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். அங்கேயே புக் என்பதற்குப் பதில் எஸ்டிடி என்று அடித்தால் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் முழு ஆவணம். ரயிலில் போகும்போதும் படிக்கலாம்.

அந்த நூலை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் படிக்காதீர்கள். இரண்டாவது அத்தியாயத்தில் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று வரும். புரியாத இடங்கள் இருந்தாலும் கை வலிக்க அடித்து ஓட்டிவிடுங்கள். நான்காவது அத்தியாயம் உரிமை பற்றியது. அதை இரண்டு முறை படியுங்கள், இடையில் ஒரு வாரம் விட்டு. ஸ்ட்ரக்ட், ஈனம், மேட்ச், வெக்டர், எரர் கையாளுதல் வரை போங்கள். அங்கே நிறுத்திவிட்டு ஒரு சின்னக் கருவி எழுதுங்கள்: வங்கிக் கணக்கின் சிஎஸ்வி கோப்பைப் படித்து மாதவாரியாகக் கூட்டுவது மாதிரி. அப்புறம்தான் டிரெய்ட்டும் (பல வகைகளுக்குப் பொதுவான செயல்பாடு) லைஃப்டைமும் (ஒரு ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும் என்ற குறி).

கூடவே ரஸ்ட்லிங்ஸ் என்ற பயிற்சித் தொகுப்பு. சின்னச் சின்ன உடைந்த நிரல்கள், ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டும். கார்கோ இன்ஸ்டால் மூலம் அதுவும் இலவசம்.

கம்பைலர் தரும் பிழைச்செய்தியும் ஓர் ஆவணம்தான், அதை ஓட்டமாகக் கடந்துபோகாதீர்கள். பெரும்பாலான பிழைகளுக்கு ஓர் எண் இருக்கும். ரஸ்ட்சி, இரட்டைக் கோடு, எக்ஸ்ப்ளெய்ன், பிறகு அந்த எண் என்று அடித்தால் பிழைக்கான விளக்கமும் மாதிரி நிரலும் வரும். கேள்வியைக் கூகுளில் போட்டு ஏழு வருடப் பழைய பதிலைப் படிப்பதைவிட இது மேல். பழைய பதிலை அடையாளம் காண ஒரு குறிப்பு: நிரலின் தலையில் எக்ஸ்டர்ன் க்ரேட் (க்ரேட் என்பது ரஸ்டின் நூலகத் தொகுப்பு) என்ற வரியோ, கேள்விக்குறி போட வேண்டிய இடத்தில் டிரை என்ற மேக்ரோவோ இருந்தால் அது 2018-க்கு முந்தைய பாணி. மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், தொடரியல் ஒன்றிரண்டு வாரத்தில் கைக்கு வரும். கம்பைலரோடு மல்லுக்கட்டாமல் ஒரு நிரலை எழுதி முடிக்க இரண்டு மாதம்கூட ஆகலாம். பைத்தானை வார இறுதியில் கற்றவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். அது சகஜம், உங்கள் மூளையில் கோளாறு இல்லை.

6. உரிமை: இங்கே நிதானமாக நில்லுங்கள்

மேல்நிலையும் கீழ்நிலையும் சந்திக்கும் இடம் இதுதான். ஒரு மாறியில் ஒரு ஸ்ட்ரிங்கை வைக்கிறீர்கள். 64 பிட் கணினியில் அந்த மாறி ஸ்டாக்கில் (ஃபங்ஷன் முடிந்ததும் தானே காலியாகும் மெமரி) பிடிப்பது 24 பைட்: ஹீப்பில் எழுத்துகள் இருக்கும் முகவரிக்கு 8, நீளத்துக்கு 8, கொள்ளளவுக்கு 8. உண்மையான எழுத்துகள் ஹீப்பில் (கேட்டு வாங்கி, பிறகு விடுவிக்க வேண்டிய மெமரி) கிடக்கின்றன. இப்போது அந்த மாறியை இன்னொரு மாறிக்குக் கொடுக்கிறீர்கள். நகலாவது அந்த 24 பைட் மட்டும். ஹீப்பில் உள்ளதை யாரும் தொடுவதில்லை. ஆக, ஒரே ஹீப் இடத்தை இரண்டு மாறிகள் சுட்டுகின்றன. இரண்டும் வேலை முடிந்ததும் அதை விடுவிக்கப் போனால் ஒரே இடம் இரண்டு முறை விடுவிக்கப்படும். சியில் இப்படித்தான் நிரல்கள் செத்தன. ரஸ்ட் என்ன செய்கிறது என்றால், கொடுத்த கணத்திலேயே முதல் மாறி செல்லாது என்று அறிவித்துவிடுகிறது. நிலத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு அதே நிலத்தை நீங்கள் அடமானம் வைக்க முடியாது அல்லவா, அந்தக் கணக்கு. முதல் மாறியை மறுபடி தொட்டால் ஈ0382 என்ற பிழை வரும். முழு எண் போன்ற சின்ன வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றுக்கு ஹீப்பில் சொத்து ஏதும் கிடையாது, அப்படியே நகலாகும்.

உரிமையைக் கொடுக்காமல் பார்க்க மட்டும் கொடுப்பது கடன். & குறி போட்டால் படிக்க மட்டும்; அதோடு மியூட் சேர்த்தால் மாற்றவும் அனுமதி. விதி ஒன்றுதான்: ஒரே நேரத்தில் படிப்பவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், அல்லது மாற்றுபவர் ஒருவர் மட்டும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

இது ஏன் என்று ஒரு முறை செய்து பாருங்கள். ஒரு வெக்டரின் உறுப்புகளை & போட்டு லூப்பில் ஓட்டிக்கொண்டே, லூப்பின் உள்ளே அதே வெக்டரில் புஷ் செய்யுங்கள். ஈ0502 என்று கம்பைலர் மறுக்கும். அடாவடி மாதிரி தெரியும். ஆனால் வெக்டரில் இடம் போதாமல் போனால் புஷ் என்ன செய்யும்? ஹீப்பில் பெரிய இடம் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டு, பழைய இடத்தை விடுவித்துவிடும். உங்கள் லூப்போ பழைய இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். சி பிளஸ் பிளஸ் இதே நிரலைக் கம்பைல் செய்துவிடும், சில நாள் ஓடவும் செய்யும். இந்த ஓர் உதாரணம் மனதில் பதிந்தால் பாரோ செக்கர் (கம்பைலரில் இந்தக் கடன் விதியைப் பார்க்கும் பகுதி) மேல் உள்ள கோபம் பாதி போய்விடும்.

இங்கே உள்ள பொறிகள்:

குளோன் (முழு நகல்) போடக் கூச்சப்படாதீர்கள். எங்கு பார்த்தாலும் குளோன் போடுவது வேகத்தைக் கெடுக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கற்கும் நிரலில் அந்த வேகம் யாருக்கு வேண்டும்? முதலில் ஓடட்டும், பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள்.

ஸ்ட்ரக்டுக்குள் ரெஃபரன்ஸ் வைக்காதீர்கள், முதல் சில மாதமாவது. வைத்தால் லைஃப்டைம் குறி கேட்கும், அது ஒரு இடத்தில் நுழைந்தால் நிரல் முழுக்கப் பரவும். சொந்த ஸ்ட்ரிங்காகவே வையுங்கள்.

முக்கியமானது இது: லிங்க்டு லிஸ்டில் தொடங்காதீர்கள். நம் கல்லூரிகளில் சி படித்தவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர் என்றதும் கை தானாக அங்கே போகும். இரட்டை லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பக்கமிருந்து சுட்டிகள். அப்படியானால் உரிமையாளர் யார்? ரஸ்டின் விதிக்கு நேர் எதிரான கட்டமைப்பு அது. ஆர்சி, ரெஃப்செல், வீக் என்று மூன்று கருவியைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அன்சேஃப் (பாதுகாப்புக்கு நாமே பொறுப்பேற்கும் பகுதி, பின்னால் வருகிறது) தொட வேண்டும். மரம், வரைபடம் எதுவானாலும் கணுக்களை ஒரு வெக்டரில் போட்டுவிட்டு, ரெஃபரன்ஸுக்குப் பதிலாக அதன் வரிசை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அனுபவசாலிகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அசிங்க்கையும் (காத்திருக்கும் பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் முறை) இப்போதைக்கு ஒதுக்குங்கள். அது தனிப் படிப்பு.

7. தமிழ் எழுத்தோடு ஸ்ட்ரிங்கைச் சோதித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பொறி தெரியாது. நமக்கு முதல் நாளே தெரிந்துவிடும். தமிழ் என்ற சொல்லை ஒரு ஸ்ட்ரிங்கில் வைத்து லென் கேளுங்கள். 15 என்று வரும். ரஸ்டின் ஸ்ட்ரிங் எப்போதும் யூடிஎஃப் 8, லென் தருவது பைட் கணக்கு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கேர்ஸ் போட்டு எண்ணினால் 5 வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் கண்ணால் பார்ப்பது மூன்று எழுத்து. அந்த மூன்று வேண்டும் என்றால் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் வழி இல்லை, யூனிகோட் செக்மென்டேஷன் என்ற க்ரேட்டைச் சேர்க்க வேண்டும்.

பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை என்று வெட்டினால் நிரல் பேனிக் ஆகி நிற்கும், ஏனென்றால் த என்ற எழுத்தின் நடுவில் கத்தி வைத்திருக்கிறீர்கள். கம்பைல் செய்யும்போது இது தெரியாது, ஓடும்போதுதான் வெடிக்கும். பெயரின் முதல் எழுத்தை எடுப்பது, பத்து எழுத்துக்கு மேல் போனால் வெட்டுவது போன்ற இடங்களில் இது ஒளிந்திருக்கும். பயனர் தரும் உரையை எண் போட்டு வெட்டவே வெட்டாதீர்கள்.

8. வேகம் வரவில்லை என்று சொல்லும் முன்

பைத்தானைவிட ரஸ்ட் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: ரிலீஸ் போட்டீர்களா? வெறும் கார்கோ ரன் டீபக் முறையில் ஓட்டும், அதில் ஆப்டிமைசேஷன் எதுவும் கிடையாது. கார்கோ ரன், இரட்டைக் கோடு, ரிலீஸ் என்று அடித்தால்தான் உண்மையான வேகம். கம்பைல் ஆக அதிக நேரம் எடுக்கும்; அதனால் எழுதும்போது டீபக், அளக்கும்போது ரிலீஸ்.

அடுத்து, கோப்பை வாசிக்கும்போதும் எழுதும்போதும் பஃப்ரீடர், பஃப்ரைட்டர் போட்டீர்களா? போடாவிட்டால் ஒவ்வொரு சின்ன வாசிப்புக்கும் இயங்குதளத்தின் கதவைத் தட்டும். பைத்தான் உங்களைக் கேட்காமலே பஃபர் செய்துவிடுகிறது, ரஸ்ட் செய்யாது.

இந்த இரண்டு முறைக்கும் இடையில் ஒரு நடத்தை வேறுபாடும் உண்டு, கவனம். 255 வரை மட்டும் கொள்ளும் யு8 மாறி ஓடும்போது 255-இல் இருக்கிறது, அதில் ஒன்றைக் கூட்டுகிறீர்கள். டீபக்கில் பேனிக் ஆகும். ரிலீஸில் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பணம், இருப்புக் கணக்கு போன்ற இடங்களில் செக்டு ஆட் பயன்படுத்துங்கள். எல்லை மீறினால் மதிப்புக்குப் பதிலாக நன் என்று சொல்லும், நீங்கள் முடிவு செய்யலாம்.

9. க்ரேட் சேர்க்கும் முன்

எல்லாவற்றுக்கும் க்ரேட்ஸ் தளத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒன்றைச் சேர்த்தால் அது நாற்பதை இழுத்துக்கொண்டு வரும். கம்பைல் நேரம் ஏறுவது அதனால்தான். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஆவணம் இருக்கிறதா, எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபாருங்கள். பிரபலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலி க்ரேட் ஏற்றுவது நடக்கிற விஷயம். க்ரேட்டின் பில்ட் ஸ்க்ரிப்ட் கம்பைல் ஆகும்போதே உங்கள் கணினியில் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். கார்கோ லாக் கோப்பை கிட்டில் ஏற்றுங்கள், அப்போதுதான் நண்பரின் கணினியிலும் அதே பதிப்புகள் வரும்.

10. அன்சேஃப்: கதவு திறந்திருக்கிறது, அவசரப்படாதீர்கள்

அன்சேஃப் என்று எழுதினால் கம்பைலர் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பாரோ செக்கர் அங்கேயும் வேலை செய்யும். கூடுதலாக ஐந்து விஷயங்களுக்கு மட்டும் அனுமதி: ரா பாயின்டர் (கடன் விதிக்கு உட்படாத வெறும் முகவரி) சுட்டும் இடத்தைத் தொடுவது, அன்சேஃப் ஃபங்ஷனைக் கூப்பிடுவது, மாறக்கூடிய ஸ்டேடிக்கைத் தொடுவது, அன்சேஃப் டிரெய்ட்டை அமல்படுத்துவது, யூனியனின் உறுப்பைப் படிப்பது. அவ்வளவுதான்.

பாரோ செக்கர் திட்டுகிறது என்பதற்காக அன்சேஃபுக்குள் ஓடுவது தவறான காரணம். சி நூலகம் ஒன்றைக் கூப்பிட வேண்டும், வன்பொருள் முகவரியைத் தொட வேண்டும் என்றால் சரியான காரணம். எழுதும்போது துண்டைச் சின்னதாக வையுங்கள். மேலே ஒரு குறிப்பில் இது ஏன் பாதுகாப்பு என்று உங்கள் வாதத்தை எழுதுங்கள். வாதம் எழுத வரவில்லை என்றால் நிரலும் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நைட்லி தேவைப்படும் இடம் என்று மேலே சொன்னேனே, அது இங்கே: மிரி என்ற கருவி உங்கள் அன்சேஃப் நிரலை ஓட்டிப் பார்த்து, விதி மீறிய இடத்தைக் காட்டும். மெதுவாக ஓடும், ஆனால் சாதாரணச் சோதனையில் சிக்காததைப் பிடித்துவிடும்.

11. போர்டு வாங்குவது

இவ்வளவும் கைவந்த பிறகு சில நூறு ரூபாய் செலவு செய்யலாம். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு 2021-இல் 4 டாலருக்கு அறிமுகமானது; 264 கேபி ராம், 2 எம்பி ஃபிளாஷ், இரண்டு கோர். இங்கே ஆன்லைன் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். சால்டரிங் பழக்கம் இல்லை என்றால் எச் என்ற எழுத்து சேர்ந்த வகையைக் கேளுங்கள், பின்கள் ஒட்டியே வரும். கொஞ்சம் அதிகம் செலவு செய்ய முடிந்தால் மைக்ரோபிட் என்ற போர்டின் இரண்டாம் பதிப்பு வாங்கலாம். பிழை தேட உதவும் டீபகர் போர்டிலேயே இருக்கிறது, ரஸ்டின் எம்பெடட் குழு அதை வைத்தே இலவசப் பாடம் எழுதியிருக்கிறது. ஈஎஸ்பி32 வாங்குபவர்கள் பெயரின் வாலைப் பாருங்கள். பழைய ஈஎஸ்பி32-இல் உள்ள எக்ஸ்டென்சா கோருக்குத் தனிக் கம்பைலர் நிறுவ வேண்டும். சி3 என்று முடிவது ரிஸ்க் ஃபைவ். வழக்கமான ரஸ்டே போதும்.

யூஎஸ்பி கேபிளைச் சோதித்துவிடுங்கள். மலிவான கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் செய்யும், உள்ளே டேட்டா கம்பி இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது. போனிலிருந்து படம் நகலெடுக்க முடிகிற கேபிள் என்றால் நம்பலாம். பிக்கோவின் பூட்செல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே செருகினால் பென் டிரைவ் மாதிரி தெரிய வேண்டும்.

ரஸ்ட்அப் டார்கெட் ஆட் மூலம் அந்தச் சில்லுக்கான டார்கெட்டைச் சேருங்கள். பிக்கோவுக்கு தம்ப்வி6எம் என்று தொடங்குவது, பிக்கோ 2-க்கு அது வேறு. இங்கே இயங்குதளம் இல்லை, அதனால் ஸ்டாண்டர்டு லைப்ரரியும் இல்லை. நிரலின் தலையில் நோஸ்டிடி என்று அறிவிக்க வேண்டும். பிரிண்ட், கோப்பு, த்ரெட் எல்லாம் போய்விடும். ஆனால் இட்டரேட்டர், மேட்ச், ஆப்ஷன், டிரெய்ட் எல்லாம் அப்படியே கூட வரும். பேனிக் ஹேண்ட்லர் இல்லை என்று பிழை வந்தால் பேனிக் ஹால்ட் என்ற சின்ன க்ரேட்டைச் சேர்த்து, நிரலிலும் அதை யூஸ் செய்யுங்கள். கம்பைல் ஆகிறது, போர்டில் மட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால் மெமரி எக்ஸ் என்ற லிங்கர் கோப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாஷ் எங்கே தொடங்குகிறது, ராம் எங்கே என்று லிங்கருக்குச் சொல்வது அதுதான்.

முதல் நிரலை ரெஜிஸ்டர் முகவரியில் தொடங்காமல், பிக்கோவின் சில்லான ஆர்பி2040-ஐ எளிதாக இயக்க உதவும் ஆர்பி2040 ஹால் க்ரேட்டில் தொடங்குங்கள். ஒரு பின்னை அவுட்புட் என்று மாற்றியதும் அதன் வகையே மாறிவிடும். இன்புட்டாக உள்ள பின்னில் செட் ஹை எழுதினால் கம்பைலரே மறுத்துவிடும். ரிலீஸில் பார்த்தால் அந்த செட் ஹை ஒரு ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை எழுதும் ஓரிரு இயந்திரக் கட்டளைகளாகச் சுருங்கியிருக்கும், வகைச் சரிபார்ப்பின் தடமே இருக்காது. பிறகு அதையே நீங்கள் அன்சேஃபில் எழுதிப் பாருங்கள். ரைட் வாலடைல் பயன்படுத்த மறக்காதீர்கள்; சாதாரணமாக எழுதினால், யாரும் படிக்காத இடத்தில் ஏன் எழுதுகிறார் என்று ஆப்டிமைசர் அந்த வரியையே தூக்கிவிடக்கூடும்.

விளக்கைச் சிமிட்டவைக்கும் பாடங்கள் எல்லாம் ஜிபி25 என்ற பின்னைச் சொல்லும். பெயரில் டபிள்யூ உள்ள பிக்கோ வாங்கியிருந்தால் அது எரியாது. அந்த வகையில் போர்டு விளக்கு வயர்லெஸ் சில்லோடு இணைந்திருக்கிறது. அந்தச் சில்லின் டிரைவரை ஏற்றினால்தான் விளக்குக்கே வழி. முதல் போர்டாக டபிள்யூ இல்லாததை வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு தனி எல்இடியும் 330 ஓம் ரெசிஸ்டரும் எடுத்து ஜிபி15 என்று குறித்திருக்கும் பின்னில் இணைத்து, நிரலில் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.